கடைசியா வர்றவங்க அணைக்கணும்

ஜன்னல்கிட்டருந்து எல்லாரும் இப்படி வந்து உக்காருங்க. வேடிக்கை பாத்தது போதும்.

அழகுதான், இல்லேங்கல. நூத்தம்பது வருஷத்து வீடுங்க. கீழ காபிக் கடை, நாலு கட்டடம் தள்ளி சினிமா, திரும்பினா மியூசியம், கொஞ்சம் நடந்தா ஆத்தங்கரை. நிமிர்ந்து பாத்தா ஒவ்வொரு ஜன்னல்லயும் மஞ்ச வெளிச்சம், பாதி இழுத்து விட்ட திரை. "இங்க வாழறவங்க குடுத்து வச்சவங்க"ன்னு சாயங்காலத்துலருந்து நாலு தடவை சொல்லிட்ட நீ. எதிர்ல அந்தத் தையல் மெஷின் வச்ச ஜன்னலை மட்டும் பத்து போட்டோ எடுத்திருப்ப. ஏம்மா, யார் வாழறா அங்க? ஒரு தலையாவது கண்ணுல பட்டுச்சா?

பட்டிருக்காது.

சரி, சொல்றேன். பெரிய லைட்டை அணை, அந்தச் சின்ன லைட் போதும். நடுவுல பாத்ரூம் போறேன்னு ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது. போறவங்க இப்பவே போயிட்டு வந்துடுங்க. வந்தாச்சா? இல்ல இல்ல... அவளுக்கு நீ சொல்லாத. அவளே சொல்லட்டும். ஏன்னு பின்னாடி தெரியும்.

இது என் ஃப்ரெண்டோட சித்தப்பாவுக்கு நடந்தது. அவ அப்பாவோட கூடப் பொறந்த தம்பி.

மணி பத்தரை. கடை ஷட்டரெல்லாம் இறங்கியாச்சு. கல்லு பாவின தெரு, ஈ காக்கா இல்ல. கழுவி விட்ட கல்லு வாசனை, தீஞ்ச காபி வாசனை. தெருமுனையில சித்தப்பா ஒத்தையில நிக்கறார். இடுப்புல ஒரு வளையம், அதுல முப்பத்தோரு சாவி. கக்கத்துல ஒரு நோட்டு. என்ன வேலை தெரியுமா? லைட் அணைக்கறது.

சிரிக்காதீங்க. நிஜமாவே அதான் வேலை. ஒரு கம்பெனி தெருவையே வளைச்சுப் போட்டது. கீழ எல்லாம் கடை. மேல் மாடியெல்லாம் எங்கயோ இருக்கறவங்க வாங்கிப் போட்டாங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து எட்டிப் பாத்துட்டுப் போவாங்க, மத்த நாள் பூட்டு. பொழுது சாஞ்சா தெரு முழுக்க இருட்டு ஜன்னல். சுத்திப் பாக்க வந்தவங்க, "என்னங்க இது, இழவு விழுந்த வீடு மாதிரி இருக்கு"ன்னு எழுத ஆரம்பிச்சுட்டாங்க. கம்பெனி யோசிச்சுது. ஆறரைக்கு ஒரு ஆள் வீடு வீடாப் போய் ஜன்னலோர விளக்கைப் போடணும், திரையைப் பாதி இழுத்து விடணும். பத்தரைக்கு மறுபடி போய் அணைக்கணும். ஆள் இருக்கற மாதிரி இருக்கணும், அவ்வளவுதான்.

டைமர் வைக்கலாமேன்னு கேக்கற, தெரியும். வச்சாங்க. முப்பத்தோரு ஜன்னலும் ஒரே நொடியில எரிஞ்சா துணிக்கடை போர்டு மாதிரி இருந்துச்சாம். வீடுன்னா ஒண்ணொண்ணாத்தானே எரியும்?

அணைக்கறதுக்கு ஒரு முறை உண்டு. வாசல்ல நின்னு, "உள்ள யாராவது இருக்கீங்களா?"ன்னு சத்தமாக் கேக்கணும். பதில் இல்லேன்னா அணைச்சுப் பூட்டிட்டு நோட்டுல எழுதணும்: உள்ளே யாரும் இல்லை. பக்கத்துல கையெழுத்து. இப்படி முப்பத்தோரு தடவை, தினமும்.

இந்த வேலைக்கு இவரைப் பிடிச்சாங்கன்னா காரணம் இருக்கு. சித்தப்பா எலக்ட்ரீஷியன். அந்தத் தெருவுலயே பொறந்து வளந்தவர். எந்தச் சுவத்துக்குள்ள எந்த வயர் ஓடுதுன்னு கண்ணைக் கட்டி விட்டாலும் சொல்லிடுவார். பதினாலாம் நம்பர், ரெண்டாவது மாடி... அது அவங்க குடியிருந்த வீடு. அவர், சித்தி, அப்புறம் அவரோட அக்கா.

அந்த அக்கா கல்யாணம் பண்ணிக்கல. முன் ரூம்ல ஜன்னலோரம் மெஷினைப் போட்டு, ஸ்கூல் யூனிஃபார்ம் தச்சே தம்பிங்க ரெண்டு பேரையும் ஆளாக்கினவ. கழுத்துல ஒரு நாடா, அதுல கத்திரிக்கோல் தொங்கும். படி ஏறும்போது இரும்புக் கைப்பிடியில அது இடிக்கும். டிங்... டிங்... நாப்பத்திரண்டு படி. அந்தச் சத்தம் கேட்டா உள்ள தட்டெடுத்து வைப்பாங்களாம்.

அவ வச்ச சட்டம் ஒண்ணு உண்டு. ஜன்னலோர விளக்கு, வெளிய போன கடைசி ஆள் திரும்பற வரைக்கும் எரியணும். கடைசியா வர்றவங்க அணைக்கணும். அணைக்கறதுக்கு முன்னாடி, "எல்லாரும் வந்தாச்சா?"ன்னு ஒரு குரல் குடுக்கணும். உள்ள இருக்கறவங்க அவங்கவங்க வாயால "வந்தாச்சு"ன்னு சொல்லணும். ஒருத்தருக்காக இன்னொருத்தர் சொல்லக் கூடாது. சின்ன வயசுல ஒரு நாள் சித்தப்பா, சினிமாவுக்குப் போன அண்ணனுக்கும் சேர்த்து "வந்தாச்சு"ன்னுட்டார். அக்கா விளக்கை அணைச்சுத் தாப்பாள் போட்டுட்டா. அண்ணன் தட்டிப் பாத்திருக்கான், மழைச் சத்தத்துல யாருக்கும் கேக்கல. விடிய விடிய படியில கிடந்து ஒரு வாரம் காய்ச்சல். அக்கா தம்பி காதைத் திருகிக்கிட்டே சொன்னாளாம்.

"அடுத்தவங்க பதிலை நீ சொல்லாதடா. நான் நம்பிடுவேன்."

கம்பெனி வந்துச்சு. ஊருக்கு வெளிய, பதினாலாவது மாடியில புது ஃபிளாட். ஆனா வீட்ல இருக்கற பெரியவங்க ஒவ்வொருத்தரும் தனித்தனியா எழுதிக் குடுக்கணும். வீட்டைக் காலி செய்துவிட்டேன், உள்ளே யாரும் இல்லைன்னு. சித்திக்கு ஆசை. அவளைக் குத்தம் சொல்ல முடியாது. மூட்டு வலியோட நாப்பத்திரண்டு படி, மாசத்துல பாதி நாள் தண்ணி மேல ஏறாது. தினம் குடம் தூக்கறவளுக்குத்தான் லிஃப்டோட அருமை தெரியும். சித்தப்பாவும் சம்மதிச்சுட்டார். அக்கா மட்டும் ஒத்தைக் கால்ல நின்னா. "என் பொணம்தான் இங்கருந்து இறங்கும்."

அந்த நேரம் பாத்து அக்காவுக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது படியில நின்னு திரும்பிச் சொன்னா: "விளக்கு எரியட்டும். வந்து நானே அணைச்சுக்கறேன்."

அன்னிக்கு ராத்திரி சித்தி அந்தப் பேப்பரை எடுத்து மேசையில வச்சா.

"ஒரு கையெழுத்துதானேங்க. நாலு நாள் லிஃப்டுல போய் வந்தா அவங்களுக்கே பிடிச்சுடும்."

சித்தப்பா அக்காவோட அளவு நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்துல அவ கையெழுத்தைப் பதினோரு தடவை போட்டுப் பழகினார். பன்னிரண்டாவது தடவை பேப்பர்ல போட்டார்.

மூணாம் நாள், கண்ணுக் கட்டோட அக்காவைக் கார்ல ஏத்தினாங்க. "ஏன்டா இவ்வளவு நேரமாகுது?"ன்னு ரெண்டு தடவை கேட்டா. வண்டி நின்னுது. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. படி ஏறப் போறோம்னு கைப்பிடியைத் தேடிக் கையை நீட்டினா... வழுவழுன்னு தகடு. கதவு மூடுச்சு. தரை மேல தூக்குச்சு.

"டேய்... நம்ம வீட்ல ஏதுடா லிஃப்ட்?"

என் ஃப்ரெண்டு இந்த இடத்துக்கு வந்தா அழுதுடுவா. எனக்கு அழுகை வராது. பத்திக்கிட்டு வரும்.

மெஷின் லாரியில வருதுன்னு அக்காகிட்ட சொன்னாங்க. எங்க வரும்? ஜன்னலோரம் இருந்தா போட்டோவுக்கு நல்லா இருக்கும்னு கம்பெனி கேட்டுது, இவர் தலையாட்டிட்டார். அக்கா ஏழு மாசம் இருந்தா. பெட்டியைப் பிரிக்கவே இல்ல. திட்டல, சண்டை போடல. ராத்திரி ஹால் லைட்டை அணைக்கப் போனா மட்டும் வாயைத் திறப்பா. "நான் இன்னும் வீட்டுக்கு வரலையே. ஏன் அணைக்கறே?" தினமும் அதே கேள்வி. ஒரு நாள் காலையில பாத்தா ஹால் லைட் எரிஞ்சுக்கிட்டிருக்கு. நாற்காலியில உக்காந்தபடியே போயிட்டா.

அது நடந்து மூணு மாசம் கழிச்சுத்தான் சித்தப்பாவுக்கு இந்த வேலை கிடைச்சது.

முதல் நாள் ராத்திரி. பதிமூணு வீடு முடிச்சாச்சு. பதினாலாம் நம்பருக்குக் கீழ வந்து நிமிர்ந்து பாக்கறார்... ஜன்னல் இருட்டு. ஆறரைக்கு அவர் கையால போட்ட விளக்கு. மேல போய் பல்பைக் கழட்டிப் பாத்தார், நல்லாத்தான் இருக்கு. ஃபியூஸ் சரி. அப்புறம்தான் ஸ்விட்சைப் பாத்தார். பழைய கறுப்பு உருண்டை ஸ்விட்ச். குமிழ் மேல தூக்கி இருக்கு. கெட்டுப் போகல. அணைச்சிருக்கு.

மறந்துட்டோம்னு நினைச்சுக்கிட்டார். ரெண்டாம் நாளும் அதே. மூணாம் நாள் புது ஸ்விட்ச் மாட்டினார். அதுவும் அணைஞ்சு கிடந்துச்சு. நாலாம் நாள் பத்தே காலுக்கே வந்து எதிர் ஓரத்துல நின்னுக்கிட்டார். விளக்கு எரியுது. கண்ணை எடுக்கல. பத்து இருபது... பத்து இருபத்தஞ்சு... திரை லேசா அசைஞ்சுது. அணைஞ்சுது.

விழுந்தடிச்சு மேல ஓடினார். போட்ட பூட்டு போட்டபடி. திறந்தா மெஷின் எண்ணெய் வாசனை. அது கூட, இப்பத்தான் சூடா இஸ்திரி போட்டு எடுத்த துணி வாசனை. "உள்ள யாராவது இருக்கீங்களா?" கேக்கறதுதானே வேலை, கேட்டார். பதில் இல்ல. வெளிய வந்து கதவைச் சாத்தும்போது கால்ல என்னவோ தட்டுச்சு.

ஒரு ஜோடி செருப்பு. வார் அறுந்த இடத்துல நீல நூல் தையல். அக்கா போன மறுநாள் இவரே கொண்டு போய் ஃபிளாட் குப்பைத் தொட்டியில போட்ட செருப்பு.

வந்து நானே அணைச்சுக்கறேன்னு சொல்லிட்டுத்தானே போனா.

கீழ வந்து நோட்டுல என்ன எழுதினார்னு நினைக்கறீங்க? உள்ளே யாரும் இல்லை. எழுதி, கையெழுத்தும் போட்டார். பழகின கைதானே.

பத்து நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டினார். சோறு இறங்கல, தூக்கம் இல்ல. கடைசியில சித்திகிட்ட சொல்லிட்டார். சித்தி கேட்டுக்கிட்டா. முழங்காலைத் தடவிக்கிட்டே உக்காந்திருந்தா.

"ஒரு ராத்திரி உள்ளயே உக்காந்து மன்னிப்புக் கேட்டுடுங்க. அவங்க மனசு ஆறட்டும்."

"நீயும் வா."

"அந்தப் படி என்னால ஏற முடியாது. பயமா வேற இருக்கு. எனக்கும் சேர்த்து நீங்களே சொல்லிடுங்க."

மறுநாள் பத்து மணிக்குள்ள மத்த முப்பது வீட்டையும் முடிச்சார். பதினாலாம் நம்பர் மேல போய்க் கதவைச் சும்மா சாத்தினார், தாப்பாள் போடல. மெஷினுக்கு எதிர்ல நாற்காலியைப் போட்டு உக்காந்தார். விளக்கு எரியுது. என்ன சொல்றதுன்னு வாய்க்குள்ளயே ஒத்திகை பாத்தார். அக்கா, தப்பு பண்ணிட்டேன். உன் கையெழுத்தை நான் போட்டேன். என்னை மன்னிச்சுடு. மூணே வரி. ஒரு வருஷமா வாயில வராத மூணு வரி.

பத்து இருபது.

கீழ வாசக் கதவு முனகுச்சு.

டிங்...

சத்தம் இல்ல. மூச்சு வாங்கற அளவுக்கு இடைவெளி.

டிங்... டிங்...

அவர் எண்ணறார். எண்ண வேண்டாம்னு பாக்கறார், முடியல. இருபது. முப்பது. முப்பத்தெட்டு. நாப்பத்திரண்டு. நின்னுது. கதவுக்கு வெளிய ஒரு செருப்பைக் கழட்டற சத்தம். அப்புறம் இன்னொண்ணு.

கதவு திறந்துச்சு. யாரும் இல்ல. எண்ணெய் வாசனை மட்டும் அவரைத் தாண்டிப் போச்சு. மெஷின் மேல கத்திரிக்கோலைக் கழட்டி வைக்கற சத்தம். ஸ்விட்ச் இருக்கற சுவத்துப் பக்கம் போய் அந்த வாசனை நின்னுது. இத்தனை நாள் வீட்ல ஒருத்தரும் இல்ல, அவ பாட்டுக்கு வந்தா, அணைச்சா. இன்னிக்கு உள்ள ஆள் இருக்கு. அதனால கேட்டா. கோபமெல்லாம் இல்ல. நாள் முழுக்கத் தச்சு அசந்து போன அதே குரல்.

"எல்லாரும் வந்தாச்சா?"

அவருக்கு ஒத்திகை பாத்த மூணு வரியில ஒரு வார்த்தை கூட ஞாபகம் இல்ல. நாப்பது வருஷப் பழக்கம்தான் முந்திக்கிச்சு.

"வந்தாச்சுக்கா."

விளக்கு அணையல. அப்புறம்...

"அவ?"

ஒரு நொடி யோசிச்சிருக்கணும் மனுஷன். ஆனா அவருக்குத் தோணினது வேற. இல்லேன்னு சொன்னா விளக்கு அணையாது, அக்கா திரும்பவும் காத்துக் கிடப்பா. எனக்கும் சேர்த்துச் சொல்லிடுங்கன்னு சித்தி சொன்னது வேற காதுல நிக்குது.

"அவளும் வந்தாச்சுக்கா"ன்னார்.

டொக்.

இருட்டு. கதவு தானாச் சாத்திக்கிச்சு. தாப்பாள் மெதுவா நகந்துச்சு. கிரீச்... டக்.

அந்த இருட்டுலதான் அவருக்கு வாய் திறந்துச்சு. மூணு வரியையும் சொல்லித் தேம்பித் தேம்பி அழுதார். தலையை யாரோ தடவின மாதிரி இருந்துச்சாம், விரல்ல ஊசி குத்தின தழும்போட. அப்படியே நாற்காலியில தூங்கிட்டார். அக்கா போனதுக்கு அப்புறம் அவர் தூங்கின முதல் தூக்கம் அதுதான்.

விடிஞ்சதும் தெருக் காவல்காரர் வந்து கதவைத் தட்டினார். சித்தப்பா தாப்பாளைத் திறந்துட்டு வந்து முதல் ரயிலைப் பிடிச்சார். வழியெல்லாம் சிரிச்ச முகம். முடிஞ்சுபோச்சு, அக்கா மன்னிச்சுட்டா, இதைச் சித்திகிட்ட சொல்லணும்.

பதினாலாவது மாடி. பெல் அடிச்சார். அடிச்சுக்கிட்டே இருந்தார். கதவு உள்பக்கம் சங்கிலி போட்டிருக்கு. அக்கம் பக்கத்துல ஆள் சேந்து உடைச்சுத் திறந்தாங்க. கட்டில்ல போர்வை ஓரமா ஒதுங்கிக் கிடக்கு. தலைமாட்டுல கண்ணாடி, போன், மூட்டு வலித் தைலம், குடிக்காத தண்ணி. ஜன்னலெல்லாம் உள்பக்கம் கொக்கி. ஹால் லைட் அணைஞ்சிருக்கு.

சித்தி இல்ல.

போலீஸ் வந்து லிஃப்ட் கேமராவைத் திரும்பத் திரும்பப் பாத்தாங்க. முந்தின ராத்திரி பத்தரைக்கு லிஃப்ட் பதினாலாவது மாடிக்கு வருது. கதவு திறக்குது. யாரும் ஏறல. ஒரு ஆள் ஏறி நிக்கற நேரம் வரைக்கும் திறந்திருக்கு. மூடிக்கிட்டுக் கீழ போகுது.

அன்னிக்குச் சாயங்காலம் சித்தப்பா அந்த நாப்பத்திரண்டு படியையும் எப்படி ஏறினார்னு அவருக்கே தெரியாது. மேல, கதவுக்கு வெளிய, நீல நூல் தச்ச செருப்பு இருக்கு. பக்கத்துல இன்னொரு ஜோடி. மெத்து மெத்துன்னு, மூட்டு வலிக்காக டாக்டர் சொல்லி வாங்கினது. வீட்டுக்குள்ள மட்டும் சித்தி போட்டுக்கறது.

அக்கா முன்னாடியே சொல்லியிருந்தா. நான் நம்பிடுவேன்னு.

வேலையை விடலையான்னு கேக்காதீங்க. எப்படி விடுவார்? சித்தி அங்கதானே இருக்கா. இப்பவும் ஆறரைக்குப் போய் விளக்கைப் போடறார், பத்தரைக்குப் போறார். ஒரே வித்தியாசம், இப்பல்லாம் பதினாலாம் நம்பர் விளக்கு அணையறதில்ல. அவர் அணைச்சாலும் அணையறதில்ல. ஃபியூஸை உருவிக் கையில வச்சுக்கிட்டாலும் எரியுது. கதவுக்கு வெளிய நின்னா உள்ள மெஷின் ஓடற சத்தம். கொஞ்ச நேரத்துல மெஷின் நிக்கும். "எல்லாரும் வந்தாச்சா?"ன்னு கேக்கும். "வந்தாச்சு"ன்னு சித்தி குரல். அப்புறம் சத்தமே இருக்காது. ரெண்டு பேரும் இன்னொரு பதிலுக்குக் காத்திருக்காங்க. அவரால அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்ல முடியல. அடுத்தவங்களுக்கெல்லாம் சொன்ன வாய், இப்பத் தனக்குன்னு வரும்போது திறக்கல.

வாசல்ல அந்த ரெண்டு ஜோடி செருப்பைச் சுத்தி ஒரே தூசி. மூணாவது ஒரு ஜோடி வைக்கற அளவுக்கு மட்டும் இடம்... தினமும் துடைச்சு வச்சிருக்காம்.

மணி என்ன இப்ப? பதினொண்ணா? அப்ப எதிர்ல எல்லாம் அணைஞ்சிருக்கும். தைரியம் இருக்கறவங்க திரையை விலக்கிப் பாருங்க. அந்த மெஷின் வச்ச ஜன்னல்... எரியுதா?

நான் பாக்க மாட்டேன். எனக்குத் தெரியும். கீழ கம்பத்து வெளிச்சத்துல ஒரு வயசானவர் நின்னுக்கிட்டிருப்பார், இடுப்புல சாவிக் கொத்தோட. நோட்டைச் சுவத்துல வச்சு என்னவோ எழுதிக்கிட்டிருப்பார். என்ன எழுதறார்னு இங்கருந்து தெரியாது.

உள்ளே யாரும் இல்லை. பக்கத்துல கையெழுத்து.